வேடந்தாங்கல் எந்தப் பாடத்தில் வருகிறது?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்கள் முதலில் பறவையின் பெயரைக் கேட்பதில்லை. "ஏன் சார், மரமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். எச்சம் என்று சொன்னதும் ஒரு சிரிப்பு. பெரும்பாலான பள்ளிச் சுற்றுலாக்களில் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அடுத்து கொஞ்ச நேரம் தொலைநோக்கி, அப்புறம் புளியோதரை, அப்புறம் பஸ்.

அந்த வெள்ளையைச் சற்று நின்று பார்ப்போம். பறவை எச்சம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் யூரிக் அமிலம். நாமெல்லாம் உடம்பில் சேரும் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கி, நிறையத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பறவைகள் அதைத் தண்ணீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாக்கிப் பசைபோல வெளியே தள்ளுகின்றன. முட்டை ஓட்டுக்குள் அடைபட்டு வளரும் குஞ்சுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கழிவு கரைந்து பரவினால் அதுவே விஷமாகிவிடும். இந்த எச்சம் ஏரியில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கூடவே பாஸ்பரஸும் சேர்கிறது. மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் நெல்வயலுக்குப் போகிறது. உரக்கடையில் மூட்டை மூட்டையாக நாம் வாங்குவதும் இதே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும்தான்.

வேதியியல் படிக்காமலே இது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட, ஊரார் திரண்டு போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். அந்தக் காலத்து வழக்கில் அப்படிப்பட்ட பத்திரத்துக்குக் 'கவுல்' என்று பெயர். 1858-ல் மீண்டும் ஓர் உத்தரவு வந்தது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது 1872-ல்தான். வேடந்தாங்கல்காரர்கள் அதற்கு 74 வருஷம் முந்தியவர்கள். அவர்கள் மனதில் இருந்தது 'இயற்கைப் பாதுகாப்பு' என்று சொல்ல முடியாது, நெல் இருந்தது.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்து டைம்டேபிளை எடுத்துக்கொண்டு, இந்தக் கதையை எந்தப் பீரியடில் வைப்பது என்று பாருங்கள். யூரிக் அமிலம் உயிரியலில், நைட்ரேட் வேதியியலில். கவுல் வரலாற்றில். உரச்செலவு பொருளியலில். சரணாலயச் சட்டம் குடிமையியலில். நாரையைத் தூது அனுப்பும் புலவர் தமிழில். ஏரி மட்டும் எங்கேயும் இல்லை.

இந்தச் சிக்கல் புதிதில்லை. சொல்லப்போனால் சுற்றுச்சூழல் கல்வி என்ற பேச்சு பிறந்தபோதே இது கூடவே பிறந்தது. 1977 அக்டோபரில், அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரத்தில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து ஒரு மாநாடு கூட்டின. சுற்றுச்சூழல் கல்வி ஒரு துறைக்குள் அடங்காது, பல துறைகளும் சேர்ந்து அணுக வேண்டியது என்று அங்கே தெளிவாக எழுதி வைத்தார்கள். இந்தியாவின் 1986 தேசியக் கல்விக் கொள்கையும் சுற்றுச்சூழல் பற்றிய உணர்வு கல்வி முழுவதும் ஊடுருவ வேண்டும் என்றே சொன்னது.

ஊடுருவ வேண்டும் என்றால் யார் ஊடுருவ வைப்பது? எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை என்று ஆனது. கடைசியில் நீதிமன்றம்தான் இறங்கியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு படிக்கவே சுவாரசியமானது. சினிமாக் கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றி ஸ்லைடு போட வேண்டும், வானொலியிலும் தூர்தர்ஷனிலும் தினமும் சில நிமிஷம் ஒதுக்க வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் அது கட்டாயப் பாடமாக வேண்டும். ஸ்லைடு போடுவது சுலபம். பாடம்தான் இழுத்துக்கொண்டே போனது. 2003-ல் நீதிமன்றம் மறுபடி அழுத்தம் கொடுக்க, பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் ஆறு மாதக் கட்டாயப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் வாயில் 'ஈ.வி.எஸ்.' என்று வழங்கும் பாடம் அதுதான்.

அந்தப் பாடத்திட்டத்தைக் குறை சொல்லும் முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காகிதத்தில் அது மோசமில்லை. மொத்தம் 50 வகுப்பு நேரம், அதில் 5 களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. அதாவது நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு வெளியே போய்ப் பார்ப்பதற்கு. வகுத்தவர்களின் மனசு இதில் தெரிகிறது.

நடந்தது வேறு. எந்த வாத்தியாருக்கு வாரத்தில் பீரியடு குறைகிறதோ அவர் தலையில் அந்தப் பாடம் விழுந்தது. நான் படித்த இடத்தில் வணிகவியல் ஆசிரியர் ஒருவர் எடுத்தார். நல்ல மனுஷர். ஆனால் அவருக்குத் தெரிந்த வணிகவியலை அந்த வகுப்பில் அவர் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. புத்தகத்தில் இருந்த ஓசோன் படலத்தை வாசித்துக் காட்டினார். ஓர் ஏரியில் மீன் குத்தகை எப்படி விடப்படுகிறது, யார் ஏலம் எடுக்கிறார்கள், அந்தப் பணம் எங்கே போகிறது என்று அவர் பேசியிருந்தால் எங்களுக்கு அன்றைக்கே சூழலியலில் பாதி புரிந்திருக்கும். களப்பணி அறிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் முந்தின வருஷத்து அறிக்கையே ஸ்பைரல் பைண்டிங்கோடு கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

பல துறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது ஒன்று, அவற்றை ஒரு கேள்விக்குள் கலக்க விடுவது வேறொன்று. ஈ.வி.எஸ். புத்தகம் முதல் வகை: ஓர் அத்தியாயம் காடு, ஓர் அத்தியாயம் மக்கள்தொகை, ஓர் அத்தியாயம் சட்டம். பொட்டலம் பொட்டலமாகக் கட்டிய சாதம் போல ஒன்றின் வாசம்கூட மற்றதில் ஏறாது. இரண்டாவது வகை கூட்டாஞ்சோறு. ஒருவர் வீட்டு அரிசி, இன்னொருவர் வீட்டுப் பருப்பு, ஒரே அடுப்பு. அடுப்பு இல்லாமல் கூட்டாஞ்சோறு இல்லை. சூழலியல் வகுப்பில் அந்த அடுப்பு, குறிப்பிட்ட ஓர் இடமும் அந்த இடம் எழுப்பும் குறிப்பிட்ட ஒரு கேள்வியும்தான் என்பது என் கட்சி. 'சுற்றுச்சூழல்' என்ற பொதுச்சொல்லைச் சுற்றி எந்தத் துறையும் ஒன்று சேராது. 'இந்த ஏரிக்கு இந்தப் பறவை ஏன் வருகிறது?' என்ற கேள்வியைச் சுற்றிச் சேரும்.

வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். நம்மூர் ஏரிகளோடு ஒப்பிட்டால் சின்னது. ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன் எல்லாவற்றுக்கும் குஞ்சுகளுக்கும் சேர்த்து இந்த 74 ஏக்கர் தீனி போட முடியுமா? முடியாது. அவை இங்கே தங்கத்தான் வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். தண்ணீர்தான் அரண்; நாயும் நரியும் பூனையும் கூட்டை நெருங்க முடியாது. இரைக்கு அவை வெளியே போகின்றன: கரிக்கிலி, மதுராந்தகம், சுற்றியுள்ள சின்னச் சின்ன ஏரிகள், நெல்வயல்கள். அங்கே மீனும் நத்தையும் தின்று இங்கே வந்து எச்சமிடுகின்றன. சுற்றுவட்டாரத்துச் சத்தையெல்லாம் பொறுக்கி வந்து ஒரே ஏரியில் கொட்டும் வேலை இது. ஆகவே 'வேடந்தாங்கல் ஏரியின் சூழலியல்' என்பது வேடந்தாங்கல் ஏரிக்குள் இல்லை.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை உருவத் தோதான அலகு. அந்த நத்தை வாழ்வது வயலிலும் வாய்க்காலிலும். வயலில் என்ன மருந்து அடிக்கிறோம் என்பது நத்தையைத் தீர்மானிக்கிறது, நத்தை நாரையை, நாரை எச்சத்தை, எச்சம் திரும்ப வயலை. இதில் பூச்சிமருந்தின் விலையும் உரத்தின் விலையும் வந்து குறுக்கிடுகின்றன. உயிரியல் வாத்தியார் இந்த இடத்தில் பொருளியல் வாத்தியாரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

கணக்கு வாத்தியாருக்கும் வேலை இருக்கிறது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த வட்டத்தின் வெளிப்பகுதி 2 கிலோமீட்டரைச் சரணாலயத்திலிருந்து எடுத்துவிடும் யோசனை எழுந்து, பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. "ஐந்தில் இரண்டுதானே, நாற்பது சதவீதம்தானே போகிறது?" என்று தோன்றும். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள். ஆரம் 5 என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர கிலோமீட்டர். ஆரம் 3 என்றால் 28.3. மிஞ்சுவது 36 சதவீதம். போவது 64 சதவீதம். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற சூத்திரத்தை எத்தனையோ முறை மனப்பாடம் செய்த பிள்ளை, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் பார்க்கும். அடுத்த கேள்வி தானாக வரும்: அந்த 78.5 சதுர கிலோமீட்டருக்குள் ஊர் இருக்கிறது, பட்டா நிலம் இருக்கிறது, ரோடு இருக்கிறது. தன் சொந்த வயல் சரணாலயத்துக்குள் இருக்கும் விவசாயிக்கு அதனால் என்ன கட்டுப்பாடு, என்ன லாபம்? இதற்குச் சூத்திரம் கிடையாது. குடிமையியல் பாடம் இங்கே தொடங்குகிறது.

வரலாற்றுப் பக்கம் இன்னும் வளமானது, ஆனால் வழுக்கலும் அங்கேதான் அதிகம். அதே லயனல் பிளேஸ் பெயரோடு மதுராந்தகத்தில் ஒரு கதை உண்டு. பெருமழையில் ஏரி உடையும் நிலை. நள்ளிரவில் கரைக்குப் போன கலெக்டர், வில்லும் கையுமாக இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். விடிந்து பார்த்தால் கரை பத்திரம். கோயிலுக்கே 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். இந்தக் கதையை வகுப்பில் என்ன செய்வது? உண்மை என்று சொல்வதும் பொய் என்று தள்ளுவதும் இரண்டுமே சோம்பேறித்தனம். ஏரி உடைந்தால் ஊர் அழியும் என்ற பயம் எவ்வளவு பெரிதாக இருந்தால் சாமிக்கே கரைக்காவல் வேலை கொடுப்பார்கள் என்று யோசிக்கச் செய்யலாம். அப்புறம் கரையின் மண், மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் எதற்கு, தண்ணீரின் அழுத்தம் அடியில் ஏன் அதிகம் என்று இயற்பியலுக்கு நேரே போகலாம்.

இதே வட்டாரத்தில்தான் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே பேசப்படுகிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரியும் முன்பே விளைச்சலில் ஒரு பகுதி ஏரிக்கென்று எடுத்து வைக்கப்பட்டது அந்தக் கணக்குகளில் தெரிகிறது. ஏரிப் பராமரிப்புக்கு வரவுசெலவுத் திட்டம் களத்துமேட்டிலேயே இருந்தது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் பெருமூச்சு விட்டு "அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது" என்று முடித்துவிடுவது நம்மூர் சுற்றுச்சூழல் பேச்சின் பெரிய வியாதி. குடிமராமத்து, அதாவது ஊராரே ஏரியைப் பழுதுபார்த்த பழைய முறை என்றால் ஊர்கூடித் தேர் இழுத்தது போல ஓர் படத்தை வரைகிறோம். மண் சுமந்தது யார், மதகுக்குள் மூச்சைப் பிடித்து இறங்கியது யார், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலம் யார் பெயரில் இருந்தது என்று கேட்டால் படம் மாறுகிறது. நீர்க்கட்டியாக இருந்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுத்தவருக்கு அந்தத் தண்ணீரில் பாயும் சொந்த நிலம் ஒரு குழிகூட இல்லாத ஊர்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒரு சட்டமே போட்டு ஏரி வேலைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள். மனமுவந்து ஓடி வந்தவர்களுக்கு எதற்குச் சட்டம்? சாதியை விட்டுவிட்டு ஏரியின் சூழலியலைச் சொல்ல முடியும். அது பாதி ஏரிதான்.

தமிழ் வகுப்பையும் சும்மா விடக் கூடாது. செங்கால் நாரையைத் தூது விடும் பழைய பாட்டில் அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிடுகிறார் புலவர். நம் பிள்ளைகள் அதை உவமை என்று குறித்துக்கொண்டு பக்கம் திருப்புகிறார்கள். பனங்கிழங்கைப் பிளந்து, நாரையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது உவமை மட்டுமல்ல, கள அடையாளக் குறிப்பு என்று தெரியும். அந்தப் பாட்டிலேயே அந்தப் பறவை தெற்கே வந்துவிட்டு வடக்கே திரும்புகிறது. வலசை என்ற சொல்லுக்கு அதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியவில்லை. திணைக் கோட்பாட்டை எல்லா மேடையிலும் சூழலியல் என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அதைவிட இப்படி ஒரு பறவையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவது மேல்.

சரி, இதெல்லாம் ஆகிற காரியமா? ஓரளவு ஆகியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் கும்பலாக வயலுக்குப் போய்ப் பார்த்து, பிரித்து, எழுதி, விவாதித்துப் படித்தார்கள். சுமார் 1,000 பள்ளிகள் வரை அது பரவியது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. உத்தராகண்டில் அல்மோராவை மையமாகக் கொண்டு உருவான ஒரு பாடத்தில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு தீவனம் தேவை என்று எடை போட்டு, ஊர் நிலம் அதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டார்கள். விறகு சுமக்கிறவர் பெரும்பாலும் அம்மா என்பதால் அந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் சில கேள்விகளைக் கேட்டது.

2005 தேசியக் கலைத்திட்டம் மூன்று முதல் ஐந்து வகுப்பு வரை அறிவியலையும் சமூக அறிவியலையும் ஒன்றாக்கி உணவு, தண்ணீர், வீடு, பயணம் என்று கருப்பொருள்களாக வகுத்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'சூழ்நிலையியல்' முதல் இரண்டு வகுப்போடு நின்று, மூன்றிலேயே அறிவியலும் சமூக அறிவியலும் தனிக்குடித்தனம் போய்விடுகின்றன. எட்டு வயதில் பிரித்த குடும்பத்தைக் கல்லூரியில் ஒரு செமஸ்டரில் சேர்த்து வைக்கப் பார்க்கிறோம்.

பிரிவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. துறைகளைக் கலப்பதாகச் சொல்லி ஒன்றையும் உருப்படியாகச் சொல்லித்தராமல் போகும் ஆபத்து உண்மையானது. எச்சம் வயலுக்கு நல்லது என்று நிறுத்திவிட்டால் அது அரை உண்மை. தண்ணீர் ஓடாமல் சத்து மட்டும் சேர்ந்துகொண்டே போனால் பாசி பெருகும். இரவில் பாசியும் அழுகும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியலில் மீன் மிதக்கும். எச்சம் அளவுக்கு மீறினால் கூடு கட்டிய மரமே கருகும். இதை அளக்க ஆக்சிஜன் சோதனை தெரிய வேண்டும், ஆயிரம் பறவைக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக மதிப்பிட்டு எண்ணத் தெரிய வேண்டும். அந்தந்தத் துறையின் கைவேலை அந்தந்தத் துறைக்காரரிடம்தான் படிக்க வேண்டும். அதனால் எல்லாம் தெரிந்த ஒரு 'சுற்றுச்சூழல் ஆசிரியர்' தேவை என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ஆசிரியர்கள், அவரவர் பீரியடில், அவரவர் பாடத்தில், ஒரே ஏரியை ஒரு பருவம் எடுத்துக்கொண்டால் போதும். கூடுதல் பீரியடு வேண்டாம். வாரம் ஒருமுறை அவர்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேச வேண்டும். பல பள்ளிகளில் அதுதான் கஷ்டம். ஏரிக்கு வேடந்தாங்கல் வரை போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு; பேருந்து நிலையமாக மாறிப்போன ஏரியும் நல்ல பாடம்தான்.

கடைசியில் எல்லாம் பரீட்சையில் வந்து முட்டும். 'சூழல் மண்டலம் – வரையறு' என்று கேள்வி வரும்வரை யாரும் ஏரிக்குப் போகப்போவதில்லை. ஹோஷங்காபாத்காரர்கள் இதை முதலிலேயே கண்டுகொண்டார்கள். அவர்கள் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைக்குத் தனி மதிப்பெண். மனப்பாடத்துக்கு விலை இல்லாமல் போனதும் கேள்விகளின் தன்மையே மாறியது.

வேடந்தாங்கலுக்கு அப்படி ஒரு கேள்வித்தாள் எழுதினால் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம்: பிப்ரவரி கடைசி வாரம். ஏரியில் தண்ணீர் முழங்கால் அளவு. மரங்களில் இன்னும் பறக்காத குஞ்சுகள் இருக்கின்றன. மதகுக்குக் கீழே நெல் பால் பிடித்து நிற்கிறது, இன்னும் இரண்டு தண்ணீர் பாய வேண்டும். நீங்கள் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மதகைத் திறக்கலாமா? எத்தனை நாள், எவ்வளவு? யாரிடம் என்ன கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்? புத்தகத்தைப் பார்த்து எழுதலாம்.